1,088,640: ஓர் இறுப்பிட்டிக் காணியின் எண்

நான் வேலையை விட்டு விலகிய கிழமையில்தான் எங்கள் கந்தோருக்கு ஒரு கல்குலேற்றர் வந்து சேர்ந்தது. என்னை அனுப்பிவிட்டு அதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஊரில் சிலர் கதை கட்டினார்கள். அதில் உண்மை இல்லை. எனக்கு ஐம்பத்தைந்து வயது, முழங்கால் பஸ் ஏற மறுத்தது, நானாகவே விலகினேன். அந்த மெஷினோடு எனக்குக் கோபமும் இல்லை. பெருக்கலில் அது என்னைவிட வேகம். ஆனால் ஓர் எண்ணை ஏழால் வகுக்கச் சொன்னால், மிச்சம் எவ்வளவு என்று நேராகச் சொல்லாமல் புள்ளிக்குப் பின்னால் வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் தொழிலில் மிச்சம்தான் விஷயம்.

எனக்குத் தேநீர் தந்து வழியனுப்பிய அன்று, கந்தோருக்குப் புதிதாக வந்த சட்டத்தரணிப் பிள்ளை பழைய கோவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தா. ஒவ்வொரு கோவையின் அட்டையிலும் என் கையெழுத்தில், பென்சிலில், 2, 2, 2, 3, 3, 5 என்று வரிசையாக எண்கள். "இதென்ன அண்ணை, சாதகமோ?" என்று கேட்டா. காணியின் சாதகம் என்று சொன்னேன். அவ சிரித்தா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விளக்கம் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன். பெருமை அடிக்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். இருபத்தாறு வருடம் ஒரு பிரக்கிராசி கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் ஒரு வழக்கைப் பற்றியாவது பெருமை பேசலாம்.

என் ஊர் புளியங்கூடல். கொழும்பில் ஒரு சாமான் கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஐம்பத்தாறில் அங்கே இருக்க மனம் வரவில்லை, ஊருக்கு வந்துவிட்டேன். ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசும் பிரக்கிராசியும் காணி உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசுமாக இருந்த அருணாசலத்தார் ஓர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அவர் என்னிடம் நற்சாட்சிப் பத்திரம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளில் ஐந்து பின்னங்களை எழுதித் தந்து கூட்டச் சொன்னார். கூட்டினேன். நாளைக்கு வாரும் என்றார். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

எங்கள் தீவுப்பகுதிக் காணிகளை அறியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் ஒரு காணியைக் காட்டி "இது என்னுடையது" என்று சொல்வது அரிது. "எனக்கும் அதில் பங்கிருக்கு" என்றுதான் சொல்வார். தகப்பன் ஆறில் ஒரு பங்கு வைத்துவிட்டுச் செத்துப்போவார். அவருக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஆளுக்கு முப்பதில் ஒன்று. அந்த ஐவரில் ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள் என்றால் அவர்களுக்கு இருநூற்று நாற்பதில் ஒன்று. வேலி ஒன்றும் போடமாட்டார்கள். பங்கு உறுதியில் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும், கீழே நிற்கும் எண் பெருத்துக்கொண்டே போகும். எல்லாக் கிளைக்கும் பங்கு முழு எண்ணாக வரவேண்டும் என்பதற்காகப் பழைய நொத்தாரிசுமார் ஒரு பெரிய பொது எண்ணைத் தெரிவுசெய்து, அந்தக் காணியை அத்தனை பங்காக வைத்து, எல்லா உறுதியையும் அதிலேயே எழுதுவார்கள். அதைத்தான் நாங்கள் காணியின் எண் என்போம். தன் காணி எத்தனை பரப்பு என்று தெரியாத ஆட்களைக் கண்டிருக்கிறேன். அதன் எண் தெரியாதவரைக் கண்டதில்லை.

அந்த எண்ணை உடைத்துப் பார்த்தால் குடும்பம் வெளியே வரும். இரண்டும் மூன்றும் எந்த வீட்டிலும் கிடைக்கும். நாலு பிள்ளை, ஆறு பிள்ளை, எட்டு, ஒன்பது எல்லாம் அந்த இரண்டாலும் மூன்றாலும் ஆனவை. ஐந்து வந்தால் எங்கோ ஐந்து பேர் அல்லது பத்துப் பேர் பங்கிட்டிருக்கிறார்கள். ஏழு வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஏழு, மேலும் உடைக்க முடியாத எண். ஏழு பேரோ பதினாலு பேரோ பங்கிட்டாலொழிய அது ஓர் எண்ணுக்குள் வந்து சேராது. ஏழு கலக்காத பங்குகளை எத்தனை தரம் வாங்கினாலும் விற்றாலும், கூட்டினாலும் கழித்தாலும், அதற்குள் ஏழு முளைக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடம் உறுதிகளைப் பிரதி எடுத்துக் கை நோவெடுத்த பிறகு நானாகக் கண்டுகொண்டது.

அருணாசலத்தாரின் போக்கைச் சொல்ல வேண்டும். கறுப்புக் கோட்டைக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் கட்சிக்காரரின் கதையைக் கேட்பார். வந்தவர்கள் அவர் நித்திரையாகிவிட்டார் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டுவார்கள். கதை முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே ஒரேயொரு கேள்வி கேட்பார். அது எப்போதும் அவர்கள் சொல்லாமல் தாண்டிப்போன இடத்தில் போய் விழும். என்னைப் பாராட்டியதே இல்லை. நான் சரியாகச் செய்தால் "ம்" என்று தாளைத் திருப்புவார். பிழை விட்டால் "சின்னத்தம்பி இராசையா" என்று தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார். முதல் மாதத்தில் என் தகப்பனார் பெயர் அந்தக் கந்தோரில் என் பெயரைவிட அதிகமாக ஒலித்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஓர் உறுதி வரைவில் 36/2,160 என்று வர, நான் கெட்டித்தனமாக அதைச் சுருக்கி 1/60 என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் அதற்குத்தானே புள்ளி தந்தார்கள். அவர் தாளின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார்.

"பள்ளிக்கூடத்திலை வெட்டும். இஞ்சை வெட்டாதையும்" என்றார்.

ஏன் என்று சொல்லவில்லை. வெட்டிவிட்டால் ஓர் உறுதியை இன்னோர் உறுதியோடு ஒப்பிட முடியாமல் போகும், பங்கு வந்த வழியும் அழிந்துபோகும் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

ஒப்புப் பார்ப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. நல்ல பிரதி அவர் கையில், கரட்டுப் பிரதி என் கையில். அட்டவணையின் அடியிலிருந்து மேல் நோக்கி, ஒவ்வோர் இலக்கமாக நான் வாசிக்க வேண்டும். "பத்து இலட்சத்து எண்பத்தெண்ணாயிரம்" என்று வாசித்தால் விடமாட்டார். "ஒண்டு, சைபர், எட்டு, எட்டு" என்று வர வேண்டும். பழக்கப்பட்ட எண் என்றால் வாய் தானாக ஓடிவிடும், கண் பார்க்காது என்பது அவர் எண்ணம். அவர் யாழ்ப்பாணம் போயிருக்கும் நாட்களில் நான் தனியே ஒன்பது தள்ளிப் பார்ப்பேன். இலக்கங்களைக் கூட்டி ஓரிலக்கமாக்கி இரண்டு பிரதியிலும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பதுதான் அது. அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை மண்கும்பானில் கவிழ்ந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரு காணி பிரித்ததில், 4,860 பங்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் நல்ல பிரதியில் 4,680 என்று எழுதிவிட்டேன். அன்று அவர் கந்தோரில் இல்லை. இரண்டிலும் இலக்கங்களைக் கூட்டினால் பதினெட்டு. ஒன்பது தள்ளினால் இரண்டும் ஒரேமாதிரி. சரி என்று அனுப்பினேன். அளவையாளர் வந்து கல்லும் நட்டுவிட்டார். இரண்டாம் நாள் காலை அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே கந்தோருக்கு வந்தார்கள். தம்பியாரின் பசுவைக் கட்டினால் தலை அண்ணன் காணியிலும் பால்மடி தம்பி காணியிலும் நிற்கிறதாம். தீனி போடுகிறவனுக்கா பால், மடி நிற்கிற காணிக்காரனுக்கா பால் என்பது வழக்கு. நான் சிரித்துவிட்டேன். "சின்னத்தம்பி இராசையா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அந்தக் கல்லைப் பிடுங்கி நடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன் பிறகு பதினொன்று தள்ளாமல் நான் எந்தத் தாளையும் அனுப்பியதில்லை. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்பதுக்குத் தெரியாது, பதினொன்றுக்குத் தெரியும். 4,860 க்கு இரண்டு வரும், 4,680 க்கு ஆறு வரும். இருபது வருடம் ஒரு தாளும் திரும்பி வரவில்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

இனி அந்த வழக்கு.

அறுபதுகளின் பிற்பகுதி. ஒரு திங்கட்கிழமை காலை தெரேசா என்ற பெண் கந்தோருக்கு வந்தா. நாற்பத்தெட்டு வயதளவில் இருக்கும். பிறந்தது நெடுந்தீவில். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புங்குடுதீவு இறுப்பிட்டிக்கு வந்து, ஒரு பனங்காணியின் மூலையில் கொட்டில் போட்டு, அங்கேயுள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளிக் குடித்து, பாயும் பெட்டியும் இழைத்து ஒன்பது வருடம் சீவித்துவிட்டா. தன் கொப்பாட்டி அந்தக் காணிக்காரர் வீட்டுப் பெண் என்றும், அதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றும் தாய் சொல்லியிருக்கிறாவாம். இப்போது காணிக்காரர் பங்குபிரிப்பு வழக்கு வைத்துவிட்டார்கள். பங்குகாரர் அறுபத்துமூன்று பேரின் பெயர் மனுவில் இருந்தது. தெரேசாவின் பெயர் கடைசியில், உரிமையில்லாமல் குடியிருப்பவள் என்று இருந்தது. தீர்ப்பானால் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டும். நெடுந்தீவில் அவவுக்கு இருக்க ஒரு மூலையும் மிச்சமில்லை.

இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றுகொண்டே சொல்லி முடித்தா. கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. நெடுந்தீவு மாதா கோயிலில் எடுத்த கொப்பாட்டியின் ஞானஸ்நானப் பிரதி: அக்கினேசு, இறுப்பிட்டி கந்தர் மகள், வயது பத்தொன்பது.

அருணாசலத்தார் கண்ணை மூடியபடியே கேட்டார்: "கொப்பாட்டி சீதனத்தோடை போனவவோ?"

"இல்லை ஐயா. உடுத்த சீலையோடை போனவ."

அவர் கண்ணைத் திறந்துவிட்டார். எங்கள் தேசவழமைச் சட்டப்படி சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்குத் தாய் தகப்பனின் முதுசத்தில் பங்கில்லை. வாங்காமல் போனவளுக்கு உண்டு. நெடுந்தீவுக் கத்தோலிக்க வேதக்காரப் பொடியனோடு போய்விட்டாள் என்ற கோபத்தில் அந்த வீட்டார் ஒரு சதமும் கொடுக்கவில்லை. கொடுக்காததாலேயே அவளுடைய உரிமை சாகாமல் கிடந்தது. ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தாள் என்று காட்ட வேண்டுமே. வழக்காளிகளின் வம்சாவளியில் மூலக் காணிக்காரர் கந்தருக்கு ஆறு ஆண்பிள்ளைகள், பெண்ணே இல்லை. ஊரில் அவர்களை ஆறு வீட்டார் என்றுதான் சொல்வார்கள். இறுப்பிட்டியில் கந்தர் என்ற பெயரில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள், தெரேசா முன்னரே கொண்டுபோய்க் காட்டிய ஞானஸ்நானப் பிரதி எந்தக் கந்தரின் மகளையோ சொல்கிறது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்.

அவ போனபிறகு நான் மனுவை எடுத்து, வழக்கம்போல் அட்டவணையின் பொது எண்ணை உடைத்தேன். 933,120. எட்டு இரண்டுகள், ஆறு மூன்றுகள், ஓர் ஐந்து. சுத்தமான எண், கூட்டுத்தொகையும் சரி, ஒன்பதும் பதினொன்றும் சரி. எழுதியவன் கெட்டிக்காரன். ஆனால் அந்த எண் எனக்குப் புதிதாக இருந்தது. அந்த வட்டாரக் காணிகளுக்கு எண் வைத்த பழைய நொத்தாரிசரின் உறுதிகள் பலதை நான் பிரதி எடுத்திருக்கிறேன். அவர் ஓர் எண்ணை வைத்தால் பிறகு வந்தவர்கள் அதை மாற்றியதில்லை. இந்த மனுவிலோ உறுதிகளின் இலக்கத்தையும் தேதியையும் மட்டும் போட்டிருந்தார்களே தவிர, உறுதிக்குள் என்ன பங்கு எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. வம்சாவளியிலிருந்து புதிதாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவுக் கந்தோருக்கு ஐந்து நாள் போய் வந்தேன். ஐந்தாம் நாள் இரண்டு உறுதிகள் கிடைத்தன. ஒன்று, முதலாம் வழக்காளி வேலாயுதரின் தகப்பன், கந்தரின் மூத்த மகனுடைய கிளையிலிருந்து வாங்கியது: 1,088,640 இல் 46,575 பங்கு. மற்றது கந்தரின் கடைசி மகனுடைய கிளையில் ஒருவர் விற்றது: 1,088,640 இல் 24,300 பங்கு. அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து எண்ணை உடைத்தேன். ஏழு இரண்டுகள், ஐந்து மூன்றுகள், ஓர் ஐந்து. கடைசியாக ஓர் ஏழு. எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் நம்புவீர்களோ தெரியாது. பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சுகமில்லையோ என்று கேட்டார்.

மனுவின் எண்ணை உறுதியின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் 155,520 ஆல் வகுத்தால் ஒன்று ஆறு, மற்றது ஏழு. ஆறையும் ஏழையும் தவிர மற்றதெல்லாம் அச்சொட்டாக ஒரேமாதிரி. யாரோ ஒருவர் ஏழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறை வைத்திருக்கிறார்.

மறுநாள் அருணாசலத்தாரிடம் சொன்னேன். அவர் பெரிதாக அசையவில்லை.

"இலக்கம் கோட்டுக் கூண்டிலை ஏறிச் சத்தியம் பண்ணாது காணும்" என்றார்.

"அவையின்ரை தகப்பன்ரை உறுதி சத்தியம் பண்ணினதுதானே ஐயா" என்றேன்.

அவரோடு நான் எதிர்த்துக் கதைத்தது அன்றுதான் முதல் தடவை. அவர் விடாமல் குடைந்தார். பொது எண்ணில் ஏழு இருப்பது நொத்தாரிசர் சும்மா பெருக்கி வைத்ததாக இருந்தால்? வெட்டிப் பாருங்கள் என்றேன். 46,575 ஐ ஏழால் வகுத்தால் நாலு மிஞ்சும். 24,300 ஐ வகுத்தால் மூன்று மிஞ்சும். மேலே ஏழு இல்லாதபடியால் கீழேயுள்ள ஏழு வெட்டுப்படாது. வெட்டக்கூடியதையெல்லாம் வெட்டினாலும் முதல் பங்கு 115/2,688 இல் வந்து நிற்கும், அந்த 2,688 க்குள்ளும் ஏழு இருக்கும். வெட்டாதையும் என்று சொன்னவருக்கே வெட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. சரி, மூத்தவன் வீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்து, அந்த ஏழு அங்கேயிருந்து வந்திருந்தால்? அப்படியென்றால் அது மூத்தவன் கிளையில் மட்டும்தான் நிற்கும் என்றேன். கடைசி மகன் கிளையிலும் அதே ஏழு நிற்கிறது. இரண்டு கொப்பிலும் ஒரே கறை என்றால் அது அடிமரத்தில் இருந்துதான் ஏறியிருக்க வேண்டும். அடிமரம் கந்தர். கந்தரின் காணியை ஏழு பேர் பங்கிட்டிருக்கிறார்கள்.

அவர் என் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு "ம்" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

விசாரணை நாளில் வேலாயுதர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எழுபது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் குலையாத சால்வை. அந்த மனிசனைப் பார்த்தவுடன் எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்கிறவரின் முகம் அது அல்ல. கந்தருக்கு ஆறு ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளை இல்லை என்று அமைதியாகச் சொன்னார். தெரேசா பின் வாங்கில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தா. அவ உட்கார்ந்திருக்கப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அருணாசலத்தார் எழும்பிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தகப்பன் வாங்கிய உறுதியின் பிரதியைக் கையில் கொடுத்து, அது சரியான உறுதியா என்று கேட்டார். எழுத்துக்கு எழுத்துச் சரி என்றார் வேலாயுதர். தகப்பன் அந்தப் பங்கை வாங்க மலாயாவில் பட்ட பாட்டையும் சொன்னார். அதில் எத்தனை பங்கு என்று கேட்க, தாளைப் பாராமலே 46,575 என்றார். காணியின் எண்? அதையும் தாளைப் பாராமலே சொன்னார்: பத்து இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து அறுநூற்று நாற்பது. சின்ன வயதில் தகப்பன் பாடமாக்கிவிட்டது என்றார்.

"அப்ப உங்கடை மனுவிலை 933,120 எண்டு கிடக்கு. கொப்பரின்ரை உறுதி பிழையோ, மனு பிழையோ?"

வேலாயுதர் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். உறுதி பிழை என்றால் தகப்பன் உழைத்து வாங்கிய பங்கு போய்விடும். மனு பிழை என்றால் ஆறு பேர் என்ற கதை போய்விடும். அவருடைய சட்டத்தரணி எழும்பி, அந்தக் காலத்து நொத்தாரிசர் ஏதோ தவறுதலாகப் பெருக்கிவிட்டார், அல்லது ஏதோவொரு கிளையில் ஏழு பிள்ளைகள் இருந்திருக்கலாம் என்றார். நாங்கள் கந்தோரில் சண்டை பிடித்த அதே இரண்டு கேள்விகள். அருணாசலத்தார் இரண்டுக்கும் நிதானமாகப் பதில் சொல்லி, கடைசி மகன் கிளையின் உறுதியையும் வைத்தார். கிளைகளில் எங்கும் ஏழு பிள்ளைகள் இல்லை என்று மனுவின் எண்ணே சொல்கிறது, அதுவும் வழக்காளிகள் சத்தியம் பண்ணிக் கொடுத்த மனு என்றார். என் வாயால் சொன்னதைவிட அவர் வாயில் அது அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீதிபதி ஒரு தாளை இழுத்து, தன் பென்சிலால் தானே வகுத்துப் பார்த்தார். மண்டபம் முழுவதும் அந்தப் பென்சில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மனத்துக்குள் கூடவே வகுத்தேன். நாலு மிஞ்சும், நாலு மிஞ்சும் என்று சொல்லிக்கொண்டேன். தெரேசாவின் கொட்டில் அந்த மிச்சத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது எண்ணையும் வகுத்து முடித்து, பென்சிலை வைத்துவிட்டு, நீதிபதி நேரே வேலாயுதரைப் பார்த்துக் கேட்டார். அந்த ஏழாவது ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

கிழவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் பொய் சொல்லேல்லை. எனக்கு ஆறு எண்டுதான் சொல்லித் தந்தவை" என்றார். பிறகு, யாரும் கேளாமலே தொடர்ந்தார்: "வருசத்துக்கு ஒருக்கால் கந்தற்றை பிள்ளையளுக்கு எண்டு எங்கடை வீட்டிலை படைக்கிறது. ஏழு இலை போடுவினம். ஆறு பேருக்கு என்னத்துக்கு ஏழு இலை எண்டு சின்னனிலை கேட்டனான். ஏழாவது சாமிக்கு எண்டு அப்பாச்சி சொன்னவ. சாமிக்குப் படைக்கிற இலையைப் பாத்து அவ ஏன் அழுதவ எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. அவருடைய சட்டத்தரணி கோவையைக் கட்டிவிட்டார். நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டும். ஏழை எடுத்துவிட்டு ஆறை வைத்தவனைக் கள்ளன் என்றே அத்தனை நாளும் மனத்தில் திட்டிக்கொண்டிருந்தேன். மனுவை எழுதிய அந்தக் கிளாக்கர் வீடு வீடாகப் போய்க் கந்தருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறான். கேட்ட வீடெல்லாம் உண்மை என்று நம்பியே ஆறு என்று சொல்லியிருக்கின்றன. ஓடிப்போன பெண்ணின் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று ஒரு தலைமுறை வாயைக் கட்டியது. அடுத்த தலைமுறைக்கு அவள் இருந்ததே தெரியாமல் போய்விட்டது. இன்னும் ஒரு வழக்குத் தீர்ப்பாகியிருந்தால் உறுதியிலும் அழிந்திருப்பாள்.

தீர்ப்பு அந்த வருடமே வந்தது. அக்கினேசு வழிக்கு ஏழில் ஒரு பங்கு, அதாவது 155,520. அந்த வழியில் வந்த மற்றவர்களின் பங்கு போக, அதில் தெரேசாவுக்கு நாலில் ஒன்று, 38,880. நாற்பது பரப்புக் காணியில், பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்று பார்த்தால், அது ஒரு பரப்பும் ஏறக்குறைய ஏழே முக்கால் குழியும் வரும். கொட்டில் நின்ற மூலையையே அளந்து கொடுத்தார்கள், கிணறு எல்லாருக்கும் பொது என்று எழுதினார்கள். அட்டவணையை நான்தான் எழுதினேன். பதினொன்று தள்ளிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது தீர்ப்பு நாள் அல்ல, அந்த விசாரணை நாள். எல்லாரும் வெளியே வந்தபோது, வேலாயுதர் சனத்தை விலக்கிக்கொண்டு நேரே தெரேசாவிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"பிள்ளை, கொப்பாட்டியின்ரை பேர் என்ன?"

"அக்கினேசு" என்றா தெரேசா.

"அது வேதத்துக்குப் போய் வைச்ச பேர். இஞ்சை எங்கடை வீட்டிலை கூப்பிட்ட பேர்?"

தெரேசா கொஞ்சம் யோசித்தா. "நாகமுத்து எண்டு அம்மா சொல்லுறவ."

கிழவர் அந்தப் பெயரை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "வாற மாசம் படையல். அந்த ஏழாவது இலைக்கு இனிப் பேர் சொல்லிப் படைக்க வேணும். நீயும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். அதைச் சொல்லி முடிக்க முன்னமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது, சால்வையால் துடைத்துக்கொண்டார்.

தெரேசா கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றா. அவ வரமாட்டேன் என்று சொல்லப்போகிறா என்றுதான் நான் நினைத்தேன்.

"எத்தினை மணிக்கு வர வேணும், அப்பு?" என்று கேட்டா.